முறைத் தண்ணியும் மூன்று போனும்

கொள்ளிடக் கரையோரம் எங்கள் வாழைக்கு ஒரே போர்வெல், ஒரே மோட்டார். பாதி எனக்கு, பாதி என் கொழுந்தனாருக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தபோது நிலத்துக்கு வரப்பு போட்டார்கள், தென்னையை ஆளுக்குப் பாதி என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீரைப் பிரிக்க வழியில்லை. அதனால் முறை வைத்தார்கள். ஒரு நாள் எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த முறை மாறவில்லை. கொழுந்தனார் முறை நாளில் நான் மோட்டார் கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டேன், என் முறை நாளில் அவர் வைக்க மாட்டார். மறந்து வைத்த மண்வெட்டியை எடுக்க வேண்டுமென்றாலும் வாசலில் நின்று குரல் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் எங்களுக்குள் இருந்த மரியாதை.

போன கோடையில் போரில் தண்ணீர் இறங்கிப் போய், மோட்டார் வெறுமனே ஓடி எரிந்துவிட்டது. அதை ரீவைண்டிங் செய்து மாட்டும்போதுதான் கொழுந்தனார் அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். ஸ்டார்ட்டர் பக்கத்தில் சுவரில் மாட்டுகிற பெட்டி. உள்ளே சிம் கார்டு போட்டிருக்கும். மூணு பேஸ் கரண்ட் வந்தால் சொல்லும், மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லும், வீட்டில் இருந்தபடி போடலாம், நிறுத்தலாம். எனக்கும் சந்தோஷம்தான். எங்கள் பக்கம் மூணு பேஸ் கரண்ட் வருகிற நேரம் எந்தச் சாமிக்கும் தெரியாது. அதற்காகக் கொட்டகை வாசலில் காத்துக் கிடந்த பகலெல்லாம் மிச்சம் என்று நினைத்தேன்.

பெட்டியோடு வந்த ஆப்பைக் கொழுந்தனார் தன் போனில் போட்டுக்கொண்டார். என்னிடம் இருப்பது பட்டன் போன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பஸ் போர்டு படிப்பேன், என் பேரை எழுதுவேன், என் வாழைக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அதனால் என் முறைக்கு என் மகள் தன் போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டாள். அவள் துவாக்குடியில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். நான் இங்கிருந்து கூப்பிட்டு, "போடும்மா" என்றால் போடுவாள், "நிறுத்தும்மா" என்றால் நிறுத்துவாள்.

இந்தச் சமயத்தில்தான் கொழுந்தனார் குத்தகைப் பேச்சை எடுத்தார். முதல் தடவை நயமாகத்தான் சொன்னார்.

"அண்ணி, இந்த வயசுல எதுக்கு இந்த அலைச்சல்? உங்க பங்கை என்கிட்ட குத்தகைக்கு விட்டுடுங்க. உக்காந்து சாப்பிடுங்க."

"உக்காந்தா மூட்டு வலிக்குது தம்பி, நடந்தாத்தான் சரியா இருக்கு," என்றேன்.

அடுத்த தடவை டீக்கடை வாசலில், நாலு பேர் கேட்கச் சொன்னார். ஒருத்தியாக ரஸ்தாளி வைத்து எடுப்பது லேசா, அது சீக்குக்காரப் பயிராச்சே, தண்ணீர் கொஞ்சம் தப்பினாலும் முகம் சுளிக்குமே என்றார். எனக்குச் சுருக்கென்றது. கூட்டத்துக்கு நடுவிலேயே சொல்லிவிட்டேன்: "இந்தப் போகம் என் தார் திரளலைன்னா, நானே வந்து குத்தகைக்கு எழுதிக் கொடுக்கிறேன்."

சொன்ன வார்த்தை மாறுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவருக்கும் அது தெரியும். சரிங்க அண்ணி என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ரஸ்தாளி பூத் தள்ளிய நேரம், வெயில் ஏறுகிற நேரம். அப்போது மண் காயக் கூடாது. காய்ந்தால் காய் விரல் மாதிரி நின்றுவிடும், சதை பிடிக்காது. என் முறை நாளில் மகள் மோட்டாரைப் போடுவாள், நான் மண்வெட்டியோடு மடை திறக்கப் போவேன். நடுவில் அவளைக் கூப்பிட்டு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்வேன். மேற்கே இருந்து ஒவ்வொரு பாத்தியாகப் பாய்ந்து வரும். கடைசியில் கிழக்கு வரிசை. அங்கே வருவதற்குள் வாய்க்காலில் தண்ணீர் மெலியும். மெலிந்து, வெறும் ஈரமாகும். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் மோட்டார் நின்றிருக்கும். கரண்ட் இருக்கும். பச்சைப் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும்.

மகளைக் கூப்பிட்டேன்.

"நீ நிறுத்தினியாடி?"

"இல்லம்மா. ஓடுதுன்னுதான் காட்டுது."

"அது காட்டட்டும். வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கு."

"பச்சையா இருக்கும்மா, நல்லாப் பாரு."

"உன் போன்ல பச்சை. இங்க இலை மஞ்சளா ஆகுது."

இது ஒரு நாளோடு போகவில்லை. என் முறை வரும்போதெல்லாம் நின்றது. அதனால் நான் இன்னும் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தேன். மடையடியில் நின்று கூப்பிடுவேன். ஸ்ரீரங்கத்தில் மளிகை வாங்கப் போனால் கடை வரிசையில் நின்று கூப்பிடுவேன். பஸ்ஸில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கூப்பிடுவேன். "ஓடுதா பாரு." அவள் வேலையை விட்டுவிட்டுப் போனைத் திறந்து பார்ப்பாள். "ஓடுதும்மா." வைத்துவிடுவாள். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். பிறகு மறுபடி கூப்பிடுவேன்.

தில்லை நகரில் ஒரு நிச்சயதார்த்தம். நெருங்கிய சொந்தம், போகாமல் இருக்க முடியாது. அன்றைக்கு என் முறை. பந்தியில் உட்கார்ந்து இலையில் பாயசம் விழுகிற நேரத்திலும் போன் காதில்தான். பக்கத்து இலையில் என் நாத்தனார்.

"என்ன அண்ணி, போனைக் காதோட சேர்த்துத் தச்சுட்டாங்களா?"

"மோட்டார் ஓடுதான்னு கேக்குறேன்."

"எங்க அண்ணன் இருந்தப்போ அவர் எங்க போனார்னு ஒரு தடவை இப்படிக் கேட்டிருப்பீங்களா?"

"உங்க அண்ணன் சொல்லாமப் போக மாட்டார். இது போயிடுது."

சிரித்தாள். நானும் சிரித்தேன். மகள் ஓடுகிறது என்றுதான் சொன்னாள். கலியாண மண்டபத்திலிருந்து பட்டுப் புடவையோடு நேராக வாழைக் கொல்லைக்குப் போனேன். கிழக்கு வரிசை மண் பிளந்து கிடந்தது. மோட்டார் எப்போதோ நின்று ஆறிப் போயிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை.

மறுநாள் கொழுந்தனார் முறை. நான் வரப்போரம் புல் அறுக்கிற சாக்கில் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். மோட்டார் ஒரே சீராக ஓடியது. வெயில் உச்சிக்கு வந்தது, ஓடியது. சாய்ந்தது, ஓடியது. கொழுந்தனார் காலையில் போனில் போட்டுவிட்டு, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவர் பாட்டுக்குப் பக்கக்கன்று வெட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம்தான் போனை எடுத்தார்.

என் நாளில் நிற்கிறது, அவர் நாளில் நிற்கவில்லை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. என் தார் சூம்பினால் குத்தகை அவருக்கு. மோட்டாரை நிறுத்துகிற ஆப்பும் அவர் கையில். அறுத்த புல்லை அங்கேயே போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, என் முறை நாள்ல மோட்டாரை யார் நிறுத்துறது?"

அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கை தட்டில் நின்றது.

"என்ன கேக்குறீங்க அண்ணி?"

"கேக்குறது புரியலையா? உங்க நாள்ல ஓடுது. என் நாள்ல நிக்குது."

"நான் தண்ணி திருடுறவன்னு சொல்றீங்க."

"நான் சொல்லலை. கிழக்கு வரிசையைப் போய்ப் பாருங்க, அது சொல்லும்."

அவர் கையைக் கழுவிவிட்டார். சாப்பாடு அப்படியே இருந்தது. எனக்கு அது கஷ்டமாக இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்க முறைதானே? பாப்பாவை வரச் சொல்லுங்க. என் போனை உங்க கண் முன்னாடி வைக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் தொட மாட்டேன். அப்பவும் நின்னா யார் நிறுத்துனதுன்னு நீங்களே சொல்லுங்க. நிக்கலைன்னா, நான்தான் திருடன்."

ஞாயிற்றுக்கிழமை மகள் துவாக்குடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொழுந்தனார் முன்னாலேயே வந்திருந்தார். கொட்டகை வாசலோடு நின்றுவிட்டார், அன்றைக்கு என் முறையாச்சே. நான் "உள்ள வாங்க தம்பி" என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து, போனை அதன்மேல் வைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

மோட்டாரைப் போட்டோம். ஓடியது. நிற்கவே இல்லை. நான் வெளியே வந்து வாய்க்காலைப் பார்ப்பேன், உள்ளே போய் மோட்டாரைப் பார்ப்பேன், மறுபடி வெளியே வருவேன். தண்ணீர் கிழக்கு வரிசையைத் தொடப் போகிறது.

கொழுந்தனார் கேட்டார்: "நான் இங்க நிக்கிறதால பயந்துகிட்டு ஓடுது, அப்படித்தானே அண்ணி?"

நான் மகளைப் பார்த்து, வாய்ப் பழக்கத்தில் கேட்டேன்: "உன் போன்ல ஓடுதுன்னு காட்டுதா பாரு."

"நேர்லயே ஓடுதேம்மா."

"இருக்கட்டும், பாரு."

அவள் திறந்தாள். "காட்டுது." மூடிப் பையில் போட்டாள். கொஞ்ச நேரம்தான். டக்கென்று ஒரு சத்தம், மோட்டார் ஓட்டம் தணிந்து நின்றது.

கொழுந்தனாரின் போன் துண்டின்மேல் இருட்டாகக் கிடந்தது. அவர் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

"நான் தொடலை," என்றார், மெதுவாக.

மறுபடி போட்டோம். நன்றாக ஓடியது. மகள் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தவள், போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது நின்றது.

"சித்தப்பா, உங்க பையனைக் கூப்பிடுங்க," என்றாள்.

கொழுந்தனார் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டு இவள் கேட்கக் கேட்க, அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மோட்டார் எரிந்த பிறகு, மறுபடி எரியக் கூடாது என்று அவன் சென்னையிலிருந்தே ஒரு காவல் வைத்திருக்கிறான். அது மூன்றாவது ஆப். மோட்டார் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் அது அந்தப் பெட்டியை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்: தண்ணீர் ஏறுகிறதா, மோட்டாருக்குச் சுமை இருக்கிறதா. பெட்டி பதில் சொல்லாவிட்டால், ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். திரும்பப் பெட்டியோடு பேச்சு கிடைத்ததும் முதல் வேலையாக மோட்டாரை நிறுத்தும். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒருத்தரோடுதான் பேசத் தெரியும். என் மகள் ஆப்பைத் திறந்தால் அது அவளுக்குப் பதில் சொல்லும், காவலுக்குச் சொல்லாது. அவள் பார்த்துவிட்டு மூடியதும் காவல் உள்ளே நுழைந்து நிறுத்திவிடும். இவள் போனில் கடைசியாகப் பார்த்த பச்சை மட்டும் அப்படியே நிற்கும், மறுபடி திறந்ததும் முதலில் தெரிவது அதுதான்.

"அப்போ நான் பார்க்கப் பார்க்கத்தான் நின்னிருக்கு," என்றாள் மகள்.

"ஆமாக்கா. நீ பார்க்கலைன்னா ஓடியிருக்கும்."

நான் கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மடையடியில், பஸ்ஸில், பந்தியில் என்று நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் என் வாழைக்கு நானே தண்ணீரை அடைத்திருக்கிறேன்.

கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"திருடன் கிடைச்சுட்டான் அண்ணி. உங்க பதைபதைப்புதான்."

"பதைக்க வச்சது யாரு?" என்றேன். "பொது மோட்டாருக்குக் காவல் வச்சீங்க, சரி. வச்சேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? வாசல்ல நின்னு குரல் கொடுத்துட்டு உள்ள வர்ற மனுஷன், போன் வழியா மட்டும் சொல்லாம வரலாமா?"

அவர் தன் போனைப் பார்த்தார். ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து, "பெரியம்மா சொல்றது சரிதான்பா," என்று குரல் வந்தது. அவர் அதை அணைத்துவிட்டார்.

சரிசெய்ய நாளாகும் என்றார்கள். மகளும் அவனும் ராத்திரி பகலாகப் போனில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் போட்ட ஏற்பாடு இதுதான்: மகளுடைய பழைய போன் ஒன்று கொட்டகையிலேயே எந்நேரமும் சார்ஜில் இருக்கும். அது ஒன்றுதான் பெட்டியோடு பேசும். கேட்டதை அது எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லும், என் மகளுக்கும், கொழுந்தனாருக்கும், சென்னைக் காவலுக்கும். எத்தனை பேர் பார்த்தாலும் பெட்டிக்குத் தெரியாது. பார்ப்பதை யாரும் பார்க்கலாம், போடுவதும் நிறுத்துவதும் அன்றைய முறைக்காரர் மட்டும். காவல் நிறுத்தினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். என் பட்டன் போனுக்கும் ஒரு வழி வைத்தார்கள். கரண்ட் வந்தாலும் மோட்டார் நின்றாலும் ஒரு பெண் குரல் கூப்பிட்டுத் தமிழில் சொல்லும்.

கொழுந்தனாருக்கு ஒரு சந்தேகம். "அந்தப் போன் யாரோடது? பாப்பாவோடதுன்னா அது உங்க பக்கம் பேசாதா?"

"போன் பக்கம் பார்த்துப் பேசுமா சித்தப்பா?"

"பெட்டி ஒருத்தர்கிட்ட பேசி ஒருத்தர்கிட்ட பேசாம இருந்ததைப் பார்த்தோமே."

கடைசியில் அந்தப் போனில் போடுகிற சிம் அவருடையதாக இருக்கட்டும் என்று முடிவானது. போன் எங்களுடையது, சிம் அவர்களுடையது. பல்லி ஏறாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஆணியில் மாட்டி, அதற்குள் வைத்தோம்.

அது தயாராகிற வரைக்கும் என் வேலை கேட்காமல் இருப்பது. அதைவிடப் பெரிய வேலையை நான் என் ஆயுளில் செய்ததில்லை. பிள்ளை பெறுவதைக்கூடச் சொல்லிவிடலாம், அதற்கு ஒரு முடிவு உண்டு. போனை வீட்டில் அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். பாதி வழியில் திரும்பி வந்து எடுத்தேன். எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடி டின்னுக்குள் போட்டேன். மோட்டார் சத்தம் கேட்கிற தூரத்திலேயே நாளெல்லாம் நடந்தேன். கிழக்கு வரிசைக்குத் தண்ணீர் ஏறியது. ஏறினாலும், அங்கே பூத் தள்ளிய நேரத்தில் காய்ந்த காய்ச்சல் காய்ந்ததுதான். தாரைக் கையில் தூக்கிப் பார்த்தால் தெரிந்தது. மேற்கே காய் உருண்டு வந்தது. கிழக்கே மெலிசாகத் தொங்கியது.

தார் பார்க்க வியாபாரி வந்த அன்று கொழுந்தனாரும் கூட வந்தார். வியாபாரி வரிசை வரிசையாக நடந்தான். மேற்கில் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டினான். கிழக்குக்கு வந்ததும், "என்னம்மா இது, இந்தப் பக்கம் மாத்தாந்தாய்ப் பிள்ளையா?" என்றான்.

அவன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனதும் கொழுந்தனாரைப் பார்த்துச் சொன்னேன்:

"தார் முழுசாத் திரளலை. நான் சொன்ன வார்த்தை இருக்கு. பத்திரத்தை எடுத்துட்டு வாங்க, கையெழுத்துப் போடுறேன்."

அவர் கிழக்கு வரிசையில் ஒரு தாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்பை ஆட்டிப் பார்த்தார்.

"இந்த வரிசை என் பையன் வச்ச காவல்ல போனது அண்ணி. இதை வச்சு உங்ககிட்ட எழுதி வாங்கினா, ஊர்ல என்னைத் திருடன்னு நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கணும்."

"எனக்குத் தானம் பண்ணாதீங்க தம்பி."

"தானம் இல்லை. அடுத்த போகம் பார்ப்போம். அப்பவும் சூம்புச்சுன்னா, அன்னைக்கு வர்றேன் பத்திரத்தோட. விடுவேன்னு நினைக்காதீங்க."

"வாங்க. காபி போட்டு வச்சிருக்கேன்."

"என்ன வைக்கப் போறீங்க? பூவன் வைங்க, தாங்கும்."

"ரஸ்தாளிதான்."

"அண்ணி, சொன்னாக் கேளுங்க."

"ரஸ்தாளிதான் தம்பி. கன்னு பார்த்து வச்சாச்சு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் இடுப்பில் போன் அடித்தது, அவர் சட்டைப் பையிலும் அதே நேரத்தில் ஒன்று முனகியது. அந்தப் பெண் குரல், கரண்ட் வந்துவிட்டது என்றது. அவர் தன் போனைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

"உங்க முறை," என்றார்.

எனக்கு அதற்குள் கால் நகர்ந்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கத்து மடைக்குப் போனேன்.